குழலுக்குள் வேட்டாளன் கூடு

மண்ணால் கூடு கட்டும் குளவியை இந்தப் பாலக்காட்டுப் பக்கம் வேட்டாளன் என்பார்கள். மழைக்காலம் நெருங்கினால் ஈர மண்ணை உருட்டிக்கொண்டு ஓட்டை தேடி அலையும். சாவித் துவாரம், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் சட்டத்தில் ஆணி கழன்ற குழி எதையும் விடாது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்த பன்னிரண்டு போர் துப்பாக்கியின் குழல் அதற்கு நல்ல வசதியான வீடு: பதினெட்டரை மில்லிமீட்டர் அகலம், உள்ளே இருட்டு, மழைச்சாரல் படாது. இரண்டு விரல்கடை தள்ளி மண்ணைப் பூசி, சிலந்திகளைத் திணித்து, முட்டையிட்டு அடைத்துவிட்டுப் போய்விடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அந்தக் குழலில் தோட்டா போட்டுக் காட்டுப்பன்றியைப் பார்த்து விசையை இழுத்தால் என்ன ஆகும்? ஏறத்தாழ 30 கிராம் ஈய ரவை விநாடிக்கு 350 மீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து அந்த மண்ணில் முட்டும். முன்னே போனது நின்றுவிட, பின்னே வருவது அதன்மேல் ஏறி நெருக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் அழுத்தம் எகிறும். பழைய ரெட்டைக் குழல் துப்பாக்கிகளில் வாய்ப் பக்கத்துக் குழல் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நல்ல காலமாக இருந்தால் குழல் மோதிரம் போட்டதுபோல் வீங்குவதோடு போகும். இல்லையென்றால் கிழியும். அடைப்பு கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால், முன்கட்டையைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்குப் பக்கத்திலேயே கிழியும்.

தோட்டா போடுமுன் துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழல் வழியாகவும் வானத்தைப் பார்த்தால் போதும். பத்து விநாடி வேலை. இதைச் சொல்லித்தர முன்பு ஆள் இருந்தார்கள். டவுனில் துப்பாக்கிக் கடைக்காரர் சொல்வார், ஊரில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் சொல்வார். அப்பாவிடமிருந்து லைசென்ஸோடு துப்பாக்கியும் கைமாறி வந்த இன்றைய விவசாயிக்கு வாத்தியார் கைப்பேசிதான். அங்கே தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கக்காரர்களின் ஆங்கிலக் காணொளிகள். தமிழில் பேசுபவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரும் பயந்து பயந்து பேசுகிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

2017 அக்டோபரில் லாஸ் வேகஸ் இசை விழாவில் ஒருவன் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினான். அவன் வைத்திருந்தது பம்ப் ஸ்டாக் பூட்டிய துப்பாக்கிகள். ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு சுடும் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்துக்குக் கொண்டுபோகும் சாதனம் அது. அதைப் பொருத்தக் காட்டும் காணொளிகளை யூடியூப் உடனே தடுத்தது. 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே விதி விரிந்தது. துப்பாக்கியோ சில வகைத் துணைச் சாதனங்களோ விற்கும் நோக்கில் காணொளி போடக் கூடாது. விற்கும் தளத்துக்கு இணைப்பும் தரக் கூடாது. துப்பாக்கி, தோட்டா, 30 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின், வீட்டில் செய்யும் சைலன்சர் இவற்றைச் செய்யக் கற்றுத்தரக் கூடாது. 2024 ஜூனில் இன்னும் இரண்டு சேர்ந்தன. பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றக் காட்டினால் தடை. வீட்டில் செய்த துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி, சில துணைச் சாதனங்கள் இவற்றைப் பயன்படுத்திக் காட்டினால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

இந்த விதிகளின் நடுத்தண்டோடு எனக்குச் சண்டை இல்லை. நாட்டுத் துப்பாக்கி செய்யும் வித்தை எவன் கைக்கும் எட்டும்படி கிடப்பது மலையோரத்துக்கு நல்லதல்ல. பன்றிக்குக் கட்டிய கம்பியிலும், தீனிக்குள் வெடி வைக்கும் பன்றிப் படக்கத்திலும் சாகிறவை பன்றிகள் மட்டுமல்ல என்பது பாலக்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வாயில் வெடி வெடித்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது 2020 மே 27இல். மேலே சொன்ன பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். துடைப்பது அதில் எங்கும் இல்லை. எண்ணெய் போடுவது இல்லை. துரு எடுப்பது இல்லை.

வம்பு வருவது விளம்பர விதியில். எந்தக் காணொளிக்கு விளம்பரக் காசு வரும் என்று சொல்லும் அந்தத் தனி விதியில் துப்பாக்கி பற்றிய பகுதி விற்பனையையும் தவறான பயன்பாட்டையும் சொல்வதோடு, பூட்டிச் சேர்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது. குழலைக் கழற்றாமல் ரெட்டைக் குழலை ஒழுங்காகத் துடைக்க முடியுமா? கழற்றியதைத் திரும்பப் பூட்டத்தானே வேண்டும்? துடைக்கக் காட்டுகிறவர் கடைசி இரண்டு நிமிடம் பூட்டிக் காட்டினால், உதிரிகளிலிருந்து துப்பாக்கி செய்கிறவனோடு ஒரே சொல்லுக்குள் நிற்கிறார். வேறுபாட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் முதலில் உட்கார்ந்திருப்பது மென்பொருள். அதனால் அனுபவமுள்ளவர்கள் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர் கழற்றக் கற்றுக்கொண்டு, பூட்டத் தெரியாமல் சுத்தியலை எடுக்கிறார்.

வயது வரம்பு இன்னொரு தொல்லை. அந்த வரம்பு விழுந்த காணொளி, பதினெட்டு நிறைந்த கணக்கில் உள்ளே போனவர்களுக்குத்தான் திறக்கும். யூடியூபுக்கு வெளியே வேறு தளங்களில் ஒட்டினாலும் பெரும்பாலும் ஓடாது. முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் அறுபது வயதுக்காரரின் போனில் கணக்கு போட்டுக் கொடுத்தது பேரனாக இருக்கும், அதுவும் பேரன் பெயரில். அவருக்கு அந்தக் காணொளி திறக்காது. ஏன் திறக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

இங்கே யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, குழலுக்குள் சுருள்வரி வெட்டாத துப்பாக்கிக்கும், பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தர வழி வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் இருக்கும் ஒத்தைக் குழலும் ரெட்டைக் குழலும் பெரும்பாலும் இந்த வகை. 2022 மே முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரே, விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட லைசென்ஸ்காரருக்கு அனுமதி தரலாம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். ஒரே பன்றி ஒரே ராத்திரியில் இரண்டு மாநிலத்துக் கடலையையும் தின்றுவிட்டுப் போகிறது.

ஆக, வருடம் முழுக்க அலமாரியில் கிடந்துவிட்டு, அனுமதி வந்த ராத்திரி மட்டும் வெளியே வரும் துப்பாக்கிகள் இவை. தினம் சுடும் துப்பாக்கியைவிட இப்படிக் கிடக்கும் துப்பாக்கிக்குத்தான் பராமரிப்பு அதிகம் வேண்டும்.

எது வரை நம் வேலை என்பதைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது எல்லாமே தனி லைசென்ஸ் உள்ளவரின் வேலை. குழலை வெட்டிக் குறைப்பது 6ஆம் பிரிவில் வருகிறது. துடைப்பதும் எண்ணெய் இடுவதும் சொந்தக்காரர் செய்ய வேண்டியவை. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படும் இடத்தில் நம் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப் பெட்டி, ஸ்ப்ரிங், சேஃப்டி எதையும் வீட்டில் திறக்கக் கூடாது. யூடியூபின் கோடும் ஏறக்குறைய இங்கேதான் விழுகிறது.

இனித் துடைக்கும் முறை. ரெட்டைக் குழலை வைத்துச் சொல்கிறேன், ஒத்தைக் குழலுக்கும் இதேதான்.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பர் இரண்டையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பிறகு மூடி, முன்கட்டையின் தாழை அமுக்கிக் கழற்றுங்கள். குழலை ஒரு கையால் தாங்கிக்கொண்டே திறப்பு நெம்பை நகர்த்தினால் கீல் ஊசியிலிருந்து குழல் தானாக விடுபட்டு வரும். வரவில்லையா? இழுக்காதீர்கள். பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். ஒரு சொட்டு புது எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

பன்னிரண்டு போருக்கான பாஸ்ஃபர் பிரான்ஸ் பிரஷ், மூன்று துண்டாகப் பூட்டும் தடி, கரைப்பான், துணி. இவ்வளவுதான் சாமான். துணிக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைவிட நல்லது கிடையாது, நூல் பிரியாது, நன்றாக உறிஞ்சும். எட்டு சென்டிமீட்டர் சதுரமாக இருபது துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் துண்டைக் கரைப்பானில் நனைத்துச் சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கம் தள்ளிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பிரஷ். அதையும் சேம்பர் பக்கமிருந்தே விட்டு, வாய் வழியாக முழுதும் வெளியே வந்த பிறகுதான் திரும்ப இழுக்க வேண்டும். பாதி வழியில் திருப்பினால் கம்பி முடிகள் மடங்கி பிரஷ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எட்டு, பத்து முறை போதும். அதன்பின் காய்ந்த துணி, வெள்ளையாக வெளியே வரும் வரை.

அழுக்கு தங்கும் இடம் இரண்டு. ஒன்று, சேம்பர் முடிந்து குழல் குறுகத் தொடங்கும் சரிவு. மற்றது, வாய்க்குச் சற்று முன்னால், ரவை சிதறாமல் நெருக்குவதற்காகக் குழல் குறுகும் சோக். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கோடுகள் நீளவாக்கில் தெரியும். அது ஈயம். வெள்ளைப் படலமாக உரிந்து வந்தால் தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வாட். ஈயம் விடாப்பிடியாக இருந்தால், தேய்ந்த பிரஷ் ஒன்றில் நான்கு பூஜ்ய நம்பர் இரும்புப் பஞ்சைச் சுற்றி எண்ணெய் நனைத்து அந்த இடத்தில் மட்டும் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. ஈயம் ஏறிய துணியை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள்.

உள்ளே பார்க்கும்போது நீளக் கோட்டைவிட வட்டக் கோட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். குழலைச் சுற்றி நிழல் வளையம்போல் தெரிந்தால் முன்பு எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கி நேராக லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். வெளியே தடவினால் பள்ளம் தட்டுப்பட்டாலும் அப்படியே. பூட்டிய பிறகு காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. குழலின் அடிப்பக்கத்துக்கும் துப்பாக்கிச் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அதில் சுடக் கூடாது.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் இந்தப் பக்கத்துப் பழக்கம், எதற்கும் அதுதான். துப்பாக்கிக்கு அது ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெல்லியாம்பதியில் மார்கழி ராத்திரியில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் குத்தூசி அந்த உறைந்த எண்ணெய்க்குள் நத்தைபோல நகரும், தோட்டா வெடிக்காது. நாள்பட்டால் காறலெடுத்து அமிலம் விட ஆரம்பிக்கும், எஃகை அது தின்னும். நல்லெண்ணெய் பிசின் பிடிக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, மழையில் நனைந்து வந்தவுடன் அடிக்கலாம். ஆனால் அது ஆவியாகிப்போகும், காவலுக்கு நிற்காது. அதைத் துடைத்துவிட்டுத் துரு தடுக்கும் கனிம எண்ணெய் போட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும், ஆறு மாதத்துக்கு நம்ப முடியாது.

எவ்வளவு போடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு குழலுக்கு மூன்று சொட்டு எண்ணெயில் துணியை நனைத்து ஒரு முறை இழுத்தால் போதும். கீல் ஊசிக்கு ஒரு சொட்டு. அதிகம் ஊற்றிய எண்ணெய் எங்கும் போகாது, கீழே இறங்கும். துப்பாக்கி வாய் மேலே இருக்க நின்றால் அது விசைப் பெட்டி வழியாகக் கட்டையின் தலைப்பகுதியில் ஊறும். அங்கே மரம் கறுத்திருந்தால் அதுதான் காரணம். ஊறிய மரம் பஞ்சாகி, சுடும் உதையில் பிளக்கும். ஆகவே துடைத்தவுடன் ஒரு ராத்திரி வாய் கீழே இருக்கும்படி, ஒரு துணிமேல் நிறுத்துங்கள். வேட்டாளனுக்கும் வழி அடைபடும். சுடப் போகுமுன் காய்ந்த துணியை ஒரு முறை இழுத்துச் சேம்பரில் எண்ணெய் இல்லாமல் செய்துவிடுங்கள். எண்ணெய் வழுக்கும் சேம்பரில் தோட்டா சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் பின்னால் தள்ளும்.

கட்டைக்கு ஆளி விதை எண்ணெய், விரல் நுனியில் இரண்டு சொட்டு வைத்துச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

வைக்கும் இடம் அடுத்தது. ரெக்சின் உறைக்குள் ஸ்பஞ்சு இருக்கும், ஸ்பஞ்சில் ஈரம் இருக்கும். எடுத்துப்போக மட்டுமே அது. பூட்டிய இரும்பு அலமாரியில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப் பையில் கட்டித் தொங்கவிட்டால் ஆவணி வரை தாங்கும். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த நீலம் நச்சுள்ள கோபால்ட் உப்பு, தோசைக் கல்லில் வறுக்கக் கூடாது.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு எண்ணெய் முதல் வேலை அல்ல. கரிமருந்து விட்டுப்போகும் கசடு உப்பு. அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் ஆரஞ்சுத் தூள் பூத்திருக்கும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்க, தடியைக் குழலுக்குள் இறக்கி வாயருகே விரலால் பிடித்துக் குறித்து, அதே தடியை வெளியே குழலோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். அடி வரை போகாமல் நாலு விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குத்தி எடுக்காதீர்கள். வாயை ஆள் இல்லாத பக்கம் வைத்துப் பழுதுபார்ப்பவரைக் கேளுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மாதக் கணக்கில் அங்கே சுவரோரம் நிற்கும். ஒப்படைக்கும் முன் மட்டும் மேலே சொன்ன அளவை மறந்துவிட்டு எண்ணெயைத் தடிமனாகப் பூசுங்கள். குழலிலும் சட்டத்திலும் உள்ள கீறல், பள்ளம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்து, ரசீது வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து குழல் வழியாகப் பாருங்கள்.

இதையெல்லாம் தமிழில் காணொளியாகப் போட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முதல் பத்து விநாடியில் காலிச் சேம்பரைக் காட்டுங்கள். கடை பெயர், விலை, போன் நம்பர் வேண்டாம். சுடும் காட்சி வேண்டாம், குழந்தைகள் படத்துக்குள் வர வேண்டாம். தோட்டாவைப் பிரித்துக் காட்டாதீர்கள். துப்பாக்கி நம்பரையும் லைசென்ஸ் பக்கத்தையும் மறையுங்கள். தலைப்பில் 'துடைப்பது', 'துரு தடுப்பது' என்றே எழுதுங்கள், படத்தின் கீழே ஓடும் தமிழ் எழுத்தோட்டத்தையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். திரும்பப் பூட்டும் பகுதியை வெட்டாதீர்கள். விளம்பரக் காசு போனால் போகட்டும். காணொளியையே எடுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், முதல் தடவை வருவது எச்சரிக்கைதான். அதற்கப்புறம் விதிமீறலுக்கு விழும் முதல் ஸ்ட்ரைக்குக்கு ஒரு வாரம், இரண்டாவதுக்கு இரண்டு வாரம் எதுவும் பதிவேற்ற முடியாது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

அதனால் காணொளி இருக்கும்போதே அதிலுள்ளதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மேலே உங்கள் சேம்பரின் நீளம்: 65 மில்லிமீட்டரா, 70ஆ. இது குழலின் அடியில் பொறித்திருக்கும். 65 சேம்பரில் 70 தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அடுத்த வரியில், மஞ்சள் நிற இருபது போர் தோட்டா இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று எழுதுங்கள். அது ஒல்லியானது, பன்னிரண்டு போர் குழலுக்குள் வழுக்கிப் போய் உள்ளே சிக்கும், பின்னால் இன்னொன்று போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதற்குக் கீழே கடைசியாக எண்ணெய் போட்ட தேதி.